அசையாத நெஞ்சம்: சிபில் கார்த்திகேசு

ஈப்போ நகரின் ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கு ஜாலான் சிபில் கார்த்திகேசு என்று பெயர். நாள்தோறும் பலர் அச்சாலையைக் கடந்து செல்கின்றனர். அப்பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், அவர் ஒரு தாதி என்றும், ஜப்பானியர் காலத்தில் மக்களுக்காகத் துன்பப்பட்டவர் என்றும் சிலர் கூறுவர். அது உண்மைதான். ஆனால், அவருடைய வாழ்வில் நாம் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. வலிமை மிக்க பகைவர் முன்னால், கையில் எந்த ஆயுதமும் இல்லாத ஒரு பெண்மணி, அச்சமும் ஐயமும் தம்மை ஆளவிடாமல் எப்படி நின்றார் என்பதே அது.

இளமையும் குடும்பமும்

சிபில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், சுமத்ரா தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் நினைவாகப் பெற்றோர் அவருக்குச் சிபில் மேடான் டேலி என்று பெயரிட்டனர். தந்தை ஜோசப் டேலி, அயர்லாந்து வழிவந்த யுரேசியர், தோட்டத்துறையில் பணியாற்றியவர். தாயார் பியட்ரிஸ் ஒரு மருத்துவச்சி. கத்தோலிக்கக் கிறிஸ்துவக் குடும்பத்தில் வளர்ந்த சிபிலுக்கு, ஜெபமும் ஆலய வழிபாடும் சிறு வயது முதலே வாழ்வின் பகுதியாக இருந்தன.

தாயாரைப் போலவே சிபிலும் மருத்துவத் துறையையே தேர்ந்தெடுத்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். காண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். தம்மிடம் வரும் சீனத் தாய்மார்களோடு அவர்களுடைய மொழியிலேயே உரையாட அது அவருக்குப் பெரிதும் உதவியது. நோயாளியின் மொழியில் பேசும் தாதியிடம் நோயாளி தம் வலியை மறைப்பதில்லை அல்லவா?

அக்காலத்தில் சிபில் சந்தித்தவர்தான் மருத்துவர் ஆறுமுகம். அவர் தைப்பிங்கில் பிறந்த தமிழர். கணபதிப் பிள்ளை, தங்கம் தம்பதியரின் மகன். இருவரும் மணம் புரிய விரும்பினர். ஆனால், சமய வேறுபாட்டைக் காரணம் காட்டிச் சிபிலின் பெற்றோர் முதலில் தயங்கினர். ஆறுமுகம் கத்தோலிக்கச் சமயத்தைத் தழுவ இசைந்த பிறகே அவர்கள் சம்மதித்தனர். அப்டன் கிளமண்ட் கார்த்திகேசு என்னும் பெயரை அவர் ஏற்றார். கோலாலம்பூர், புக்கிட் நானாஸ், புனித ஜான் தேவாலயத்தில் 1919-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் அவர்களுடைய திருமணம் நடைபெற்றது.

முதல் இழப்பு

திருமணமான அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மைக்கல் என்று பெயரிட்டனர். அது சிபிலின் அண்ணன் பெயர். முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போரிட்ட அந்த அண்ணன், 1915-ஆம் ஆண்டு கலிப்போலி போர்முனையில் உயிரிழந்திருந்தார். மறைந்த அண்ணனின் பெயரைத் தாங்கி வந்த அக்குழந்தையோ, பிறந்த 19 மணி நேரத்தில் இறந்துவிட்டது.

எத்தனையோ தாய்மார்களுக்குப் பேறுகாலம் பார்த்து, குழந்தைகளைக் கைகளில் ஏந்திக் கொடுத்த ஒரு மருத்துவச்சிக்குத் தம் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. இறைவன்மீது நம்பிக்கை கொண்டவர்கள் இத்தகைய வேளையில்தான் சோதிக்கப்படுகின்றனர். எனக்கு ஏன் இந்தத் துன்பம் என்னும் கேள்விக்கு விடை எளிதில் கிடைப்பதில்லை.

அவ்வேளையில் சிபிலின் தாயார் ஒரு வழி சொன்னார். வில்லியம் என்னும் சிறுவன் ஒருவன் அவர்களுடைய பூடு வீட்டிலேயே வளர்ந்து வந்தான். அவன் பிறந்தபோது பேறுகாலம் பார்த்தவரும் அந்தத் தாயார்தான். அவனைச் சிபிலும் கணவரும் மகனாக ஏற்று வளர்க்கலாம் என்று அவர் கூறினார். இருவரும் அவ்வாறே செய்தனர். துயரத்தால் காலியாகிப்போன இடத்தை ஒரு பிள்ளைக்கு அடைக்கலமாக மாற்றிக்கொண்டனர். சிபிலின் பிற்கால வாழ்வு முழுவதும் நாம் காணும் இயல்பு இதுவே. துன்பம் வந்தபோது அவர் விடை தெரியும் வரை காத்திருக்கவில்லை. கண்முன் இருந்தவருக்குத் தம்மால் இயன்றதைச் செய்தார். பின்னர் 1921-இல் ஓல்கா என்னும் மகளும், 1936-இல் டான் என்னும் இளைய மகளும் பிறந்தனர்.

கார்த்திகேசு தம்பதியர் 1926-ஆம் ஆண்டு முதல் ஈப்போ, புரூஸ்டர் சாலை, 141-ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் நடத்தி வந்தனர். இன்று அச்சாலை சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என அழைக்கப்படுகிறது. அம்மருந்தகத்தில் எல்லா இனத்தவரும் சிகிச்சை பெற்றனர். ஏறக்குறைய 15 ஆண்டுகள் அமைதியாகச் சென்ற அந்த வாழ்க்கையைப் போர் கலைத்தது.

பப்பானுக்கு இடமாற்றம்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. ஈப்போ குண்டுவீச்சுக்கு உள்ளானது. பிரிட்டிஷ் படைகள் தெற்கு நோக்கிப் பின்வாங்கின. டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமானது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

ஈப்போ வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன்பு சிபிலின் குடும்பம் பப்பானுக்குக் குடிபெயர்ந்தது. ஈப்போவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிறிய ஈயச் சுரங்க ஊர் அது. அங்குள்ள சீனர்கள் மருத்துவர் கார்த்திகேசுவை ஏற்கெனவே நன்கு அறிந்திருந்தனர். முதன்மைச் சாலையில் 74-ஆம் எண் கடைவீட்டில் சிபில் ஒரு மருந்தகத்தைத் தொடங்கினார்.

ஜப்பானியர் காலம் மலாயா மக்கள் அனைவருக்கும் கொடிய காலமாக இருந்தது. அரிசி கிடைப்பது அரிதானது. மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு பசியாறினர். கையில் இருந்த ஜப்பானியப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. வாழை மரப் படம் அச்சிட்ட அந்த நோட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் போதிய பொருள் கிடைக்கவில்லை. மருந்துக்கும் கடும் பஞ்சம். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பலர் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஏராளமானோர் திரும்பவே இல்லை. கெம்பித்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவல் படையின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கினர். யார் யாரைக் காட்டிக்கொடுப்பார் என்று தெரியாததால், அண்டை வீட்டாரிடமும் மனம் விட்டுப் பேச அஞ்சினர்.

வானொலியும் பின்வாசலும்

வெளிநாட்டு வானொலிச் செய்திகளைக் கேட்பது அக்காலத்தில் கடுங்குற்றம். பிடிபட்டால் சித்திரவதையும் மரணமும் நேரலாம். அப்படியிருந்தும், சிபில் தம் வீட்டில் இரகசியமாக ஒரு வானொலிப் பெட்டியை வைத்திருந்தார். ஜோசபின் என்பது அதற்கு அவர் இட்ட சங்கேதப் பெயர். வெளியார் காதில் விழுந்தாலும், யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதாகவே தோன்றும்.

இலண்டனிலிருந்து ஒலிபரப்பான பி.பி.சி. செய்திகளைச் சிபில் அதில் கேட்டார். கேட்டவற்றை நம்பிக்கைக்குரியவர்களிடம் பகிர்ந்துகொண்டார். ஜப்பான் எங்கும் வென்றுவருகிறது என்னும் செய்தியே நாடெங்கும் பரப்பப்பட்ட காலம் அது. இருள் விலகாது என்று எண்ணியவர்களுக்கு, போரின் போக்கு மாறுகிறது என்னும் செய்தி அரிசியைப் போலவே தேவையாக இருந்தது.

சிபில் அதோடு நிற்கவில்லை. பப்பானைச் சூழ்ந்திருந்த காடுகளிலும் மலைகளிலும் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் மறைந்திருந்தனர். காட்டு வாழ்க்கை அவர்களை நோயில் தள்ளியது. சண்டையில் குண்டடிபட்டவர்களும் இருந்தனர். அவர்கள் எந்த மருத்துவமனைக்கும் செல்ல முடியாது. எனவே, இருட்டிய பிறகு சிபிலின் வீட்டுப் பின்வாசலைத் தேடி வந்தனர். அவர் காயங்களுக்குச் சிகிச்சையளித்தார். உடலில் பாய்ந்த குண்டுகளை அகற்றினார். காட்டுக்கு மருந்தும் செய்தியும் அனுப்பினார்.

பகலில் முன்வாசல் வழியாக ஊர்மக்கள் வந்தனர். இரவில் பின்வாசல் வழியாகப் போராளிகள் வந்தனர். காயப்பட்டு வந்தவரைக் கைவிடக் கூடாது என்பதே ஒரு தாதியாகவும் கிறிஸ்துவராகவும் அவர் கற்றிருந்த நெறி. வந்தவர் எந்த இனம், எந்தச் சமயம், எந்த அரசியல் கொள்கை உடையவர் என்பது அவருக்கு இரண்டாம் நிலைதான். எதிர்ப்புப் படையினருள் பலர் இறைநம்பிக்கை இல்லாத பொதுவுடைமையாளர்கள். சிபிலோ நாள் தவறாமல் ஜெபிப்பவர். ஆயினும், வலி எல்லார்க்கும் பொது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தப்பி ஓடுவதா, தங்கியிருப்பதா?

இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. பப்பானில் போராளிகளுக்கு உதவுபவர் யார் என்பதைக் கெம்பித்தாய் மெல்ல மெல்ல அறிந்துகொண்டது. 1943-ஆம் ஆண்டில் ஆபத்து வாசலுக்கே வந்துவிட்டது. காட்டிலிருந்த போராளிகள் சிபிலைத் தங்களோடு வந்துவிடுமாறு அழைத்தனர். காட்டுக்குள் போய்விட்டால் அவர் உயிர் பிழைக்கலாம்.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்தித்துப் பாருங்கள். சிபிலுக்கு அப்போது 43 வயது. தப்பிக்க வழி இருக்கிறது. இளைய மகளோ சிறுமி. தாய் உயிரோடு இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்புதானே? ஆனால், அவர் ஓடினால் பழி யார் தலையில் விழும்? தேடப்படுபவர் கிடைக்காவிட்டால் ஊரார் அனைவரையும் வதைப்பது கெம்பித்தாயின் வழக்கம். குடும்பத்தாரும் பப்பான் மக்களும் தமக்காகத் துன்பப்பட நேரும் என்பதைச் சிபில் உணர்ந்தார். எனவே, அவர் போகவில்லை.

அந்த முடிவு எளிதானது அன்று. சித்திரவதையைத் தாங்கும் வலிமை தமக்கு உண்டா என்பதை எவரும் முன்கூட்டியே அறிய முடியாது. மனித உடல் நொறுங்கிவிடக்கூடியது. வலி தாளாமல் தம் வாயிலிருந்து ஒரு பெயர் நழுவிவிட்டால், அந்தப் பெயருக்குரியவரின் உயிர் போய்விடும். ஒரு தாதிக்கு அது நன்றாகவே தெரியும். தம் வலிமையை நம்பி இருந்தால் சிபில் அஞ்சியிருக்கலாம். அவரோ தம் வலிமையை நம்பவில்லை. தாங்கும் ஆற்றலைத் தருமாறு இறைவனிடம் வேண்டினார். துன்பம் வரக் கூடாது என்று கேட்பது ஒரு வகை ஜெபம். துன்பம் வரும்போது தவறாமல் நிற்க வேண்டும் என்று கேட்பது மற்றொரு வகை ஜெபம். சிபிலைத் தாங்கி நின்றது இரண்டாவது வகை.

விசாரணை

கணவர் கைதானார்; மகன் வில்லியமும் கைதானான். பிறகு சிபிலும் கைது செய்யப்பட்டார். ஈப்போவில் கெம்பித்தாய் அவரை விசாரித்தது. போராளிகள் யார், எங்கே இருக்கின்றனர், ஊரில் அவர்களுக்கு உதவியவர்கள் யார் என்பனவே மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்விகள்.

அவர் அடிக்கப்பட்டார், உதைக்கப்பட்டார், மூச்சுத் திணறும் வரை தண்ணீர் புகட்டப்பட்டார். நாள்கள் வாரங்களாயின. உடலில் காயம் இல்லாத இடம் இல்லை என்னும் நிலை வந்தது. முகத்தில் விழுந்த ஓர் உதை, தாடையில் ஆழமான காயத்தை உண்டாக்கியது. ஆயினும், அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

விசாரணை நடத்திய யோஷிமுரா என்னும் அதிகாரி, வேறு வழியை நாடினார். தன் வலியைத் தாங்கும் ஒருவரையும் அவருடைய பிள்ளையின் வலி வீழ்த்திவிடும் என்று கணக்கிட்டார்.

மரத்தடியில் ஒரு சோதனை

ஒரு நாள், ஏறக்குறைய ஏழு வயது இருந்த டானை அங்குக் கொண்டுவந்தனர். தாயின் கண்ணெதிரே அச்சிறுமியைக் கயிற்றால் கட்டி ஒரு மரத்தில் தொங்கவிட்டனர். தாய் உண்மையைச் சொல்லாவிட்டால் மகளைக் கீழே மூட்டும் நெருப்பில் இறக்குவோம் என்று மிரட்டினர்.

எந்தத் தாதிப் பயிற்சியும், எந்த வீரக்கதையும் ஒருவரை இப்படிப்பட்ட வேளைக்கு ஆயத்தப்படுத்த முடியாது. ஒரு பக்கம் தாம் பெற்ற மகள். மறுபக்கம் தம்மை நம்பிய பல குடும்பங்கள். பேசினால் அவர்கள் மடிவர். பேசாவிட்டால் மகள் மடிவாள். எது சரி, எது தவறு என்று ஆராயவும் நேரமில்லை. இத்தனை நாள் காத்த இறைவன் இப்போது எங்கே இருக்கிறார் என்று எந்தத் தாயின் மனமும் கதறியிருக்கும்.

அப்போது அச்சிறுமி செய்ததைச் சிபில் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு நமக்குச் சொல்கிறது. மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த டான், தாய் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று குரல் கொடுத்தாள். தைரியமாக இருக்கும்படி தாயைக் கேட்டுக்கொண்டாள். இருவரும் இறக்க நேர்ந்தாலும், இயேசு தங்களுக்காக விண்ணகத்தில் காத்திருப்பார் என்றும் கூறினாள்.

இரவு வேளைகளில் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்த நம்பிக்கை அது. அன்று அதை மகள் தாய்க்குத் திருப்பிக் கொடுத்தாள். தம்மிடம் இருந்த வலிமை முழுவதும் தீர்ந்துபோகும் தருணத்தில், தாம் விதைத்ததே தம்மைத் தாங்க வந்ததைச் சிபில் கண்டார். அவர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை.

அந்நேரத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அங்கு வந்த ஒரு ஜப்பானிய அதிகாரி அக்காட்சியைக் கண்டார். சிறுமியை உடனே இறக்கிவிடுமாறு ஆணையிட்டார். டான் உயிர் பிழைத்தாள். கொடுமை நிறைந்த இடத்திலும் மனிதத்தன்மை முற்றாக அழிந்துவிடவில்லை என்பதற்கு அந்த அதிகாரியின் செயல் சான்றாக இருக்கிறது. தங்களைத் துன்புறுத்தியவர்களின் இனத்திலிருந்தே தம் மகளைக் காத்த கையும் வந்தது என்பதைச் சிபில் மறைக்காமல் பதிவு செய்தார்.

சிறைவாசம்

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். அடிபட்ட உடலுக்குப் போதிய சிகிச்சை கிடையாது. நல்ல உணவு கிடையாது. போர் எப்போது முடியும் என்பதும் தெரியாது.

விசாரணை அறையின் துன்பம் கூர்மையானது; சிறையின் துன்பம் நீளமானது. கூர்மையான துன்பத்தை ஒரு வேகத்தில் தாங்கிவிடலாம். நாளையும் இப்படியே, அடுத்த மாதமும் இப்படியே என்று நீளும் துன்பம் மனத்தை மெல்ல அரிக்கும். ஐயம் வளர்வதும் அத்தகைய இடத்தில்தான். வெளியே போரின் போக்கு எப்படி மாறுகிறது என்று சொல்ல அங்கே ஜோசபின் இல்லை. ஊருக்கெல்லாம் நற்செய்தி சொன்னவர், எந்தச் செய்தியும் வராத சுவர்களுக்குள் வாழ வேண்டியிருந்தது. கேட்க முடியாததையும் காண முடியாததையும் நம்பிக் காத்திருப்பதற்கு ஜெபம் ஒன்றே அவருக்குத் துணையாக இருந்தது.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. சிறைக்கதவுகள் திறந்தன. சிபில் உயிரோடு வெளியே வந்தார். ஆனால், அவரால் நடக்க முடியவில்லை.

விருதும் மறைவும்

சிபிலின் உடல்நிலை மோசமாக இருந்ததால், சிகிச்சைக்காக அவர் விமானம் மூலம் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே மருத்துவம் பெற்றுவந்த நாள்களில், தம் அனுபவங்களை எழுத்தில் பதிவு செய்தார். அவர் மறைந்த பிறகு, 1954-இல், அது 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் பெயரில் ஆங்கில நூலாக வெளிவந்தது. துளியும் இரக்கமில்லை என்பது அத்தலைப்பின் பொருள். ஜப்பானியர் காலத்துப் பேராக்கில் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு அந்நூல் இன்றும் பயன்படுகிறது.

சிபிலின் துணிவைப் பாராட்டி அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. வீரச் செயல் புரிந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு அளிக்கும் உயர்ந்த விருதுகளுள் அதுவும் ஒன்று. இலண்டன், பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் ஆறாம் ஜார்ஜிடமிருந்து அவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. விசாரணையின்போது தாடையில் ஏற்பட்ட பழைய காயத்தால் இரத்தத்தில் நச்சு பரவியது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், ஸ்காட்லாந்திலுள்ள லானார்க் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

முதலில் அங்கேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர், 1949-இல் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. புனித மைக்கல் தேவாலயத்தை அடுத்துள்ள கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. எந்த மண்ணின் மக்களுக்காக அவர் வாய் திறக்காமல் இருந்தாரோ, அந்த மண்ணிலேயே அவர் துயில்கிறார். பப்பானில் அவர் வாழ்ந்த 74-ஆம் எண் வீடு நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. 2016-ஆம் ஆண்டு அவருடைய பிறந்தநாளன்று, கூகுள் தேடுதளம் தன் முகப்பில் அவருடைய உருவத்தை வரைந்து சிறப்பித்தது.

நாம் கற்பது

சிபில் கார்த்திகேசுவின் வரலாற்றைப் படிக்கும்போது, நம்பிக்கை உடையவர்களுக்குத் துன்பம் வராது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் குழந்தையை அவர் இழந்தார். சிறைப்பட்டார். உடல் நொறுங்கினார். விடுதலைக்குப் பிறகு மூன்றாண்டுகள்கூட நிறைவாக வாழவில்லை. அவருடைய ஜெபங்கள் இவற்றையெல்லாம் தடுத்து நிறுத்தவில்லை.

ஆனால், அந்த ஜெபங்கள் வேறொன்றைச் செய்தன. அச்சம் இருந்தது, அது முடிவெடுக்கவில்லை. வலி இருந்தது, அது பேசவைக்கவில்லை. தம்மைவிடப் பெரிய ஒன்றைப் பற்றிக்கொண்டவர், தம் கை தளரும் வேளையிலும் விழுந்துவிடுவதில்லை. சிபில் பற்றிக்கொண்டது கிறிஸ்துவ நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஆலயத்தோடு நின்றுவிடவில்லை. பின்வாசலில் வந்து நின்ற காயப்பட்ட மனிதரிடமும், பெயர் சொல்லப்படாமல் காக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்திடமும் அது போய்ச் சேர்ந்தது.

மாணவர்களே, நம்முள் ஒவ்வொருவரும் வெவ்வேறு சமயத்தைச் சார்ந்தவர்களாக இருக்கலாம். சிபிலின் மருந்தகத்திற்கு வந்தவர்களும் அப்படித்தான் இருந்தனர். நம் வாழ்வில் அவர் சந்தித்தது போன்ற கொடிய சோதனை வராமலே போகலாம். என்றாலும், ஒரு நண்பரைக் காட்டிக்கொடுத்தால் நாம் தப்பிக்கலாம் என்னும் நிலையோ, பிறருக்கு உதவினால் நமக்கு இழப்பு நேரும் என்னும் நிலையோ என்றேனும் வரும். அப்போது மனம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வெட்கப்பட வேண்டியது அன்று. அந்நேரத்தில் எதைப் பற்றிக்கொண்டு நிற்கப்போகிறோம் என்பதை இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது. சிபில், சோதனை நாளுக்கு நெடுங்காலம் முன்பே, தம் வீட்டிலும் மருந்தகத்திலும் ஒவ்வொரு நாளும் அதைப் பழகிவந்தார். சிறுமி டானும் அந்த வீட்டில்தான் அதைக் கற்றாள்.